அம்மாவிடமிருந்து எது, அப்பாவிடமிருந்து எது?

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தை பிறந்த வீட்டில் முதல் பேச்சே ஜாடையைப் பற்றித்தான். "அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறது" என்பார் ஒருவர். "நெற்றியைப் பாருங்கள், அம்மாவேதான்" என்பார் இன்னொருவர். குழந்தை வளர்ந்து அடம்பிடிக்கத் தொடங்கியதும் அந்தப் பேச்சு குணத்துக்குத் தாவிவிடும். ஜாடையில் பெருமையோடு பங்கு கேட்டவர்கள், குணத்தில் பழியை மட்டும் எதிர்ப்பக்கம் தள்ளுவார்கள். இந்தப் பங்குபிரிப்பு எவ்வளவு அநியாயமானது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. நம் செல்லின் உட்கருவில், மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் 46. 23 தாயின் கருமுட்டையிலிருந்து, 23 தந்தையின் விந்தணுவிலிருந்து. அதனால் பெரும்பாலான மரபணுக்களுக்கு நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டும் பாலும் தண்ணீரும்போலக் கலந்துவிடுவதில்லை, தனித்தனியாகவே இருக்கும். ஒன்றின் விளைவு வெளியே தெரியாமல் மறைந்திருந்து, அடுத்த தலைமுறையில் தலைகாட்டும். பழுப்புக் கண் கொண்ட இருவருக்கு நீலக்கண் குழந்தை பிறப்பது இப்படித்தான்.

பெற்றவரிடம் இவை 23 ஜோடிகளாக இருக்கும்; ஒவ்வொரு ஜோடியிலும் எந்தக் குரோமோசோம் பிள்ளைக்குப் போகும் என்பது தற்செயல். 23 ஜோடிக்கு இது மட்டுமே சுமார் 84 லட்சம் விதம். ஒரு ஜோடியின் இரண்டு குரோமோசோம்களும் தங்களுக்குள் துண்டுகளையும் மாற்றிக்கொள்கின்றன. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஆளுக்கொரு முகமாக இருப்பதில் வியப்பில்லை.

சரி, பாதிக்குப் பாதி என்பது முழுக்க உண்மையா? இல்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக 37 மரபணுக்கள் உண்டு. அவை தாய்வழியாகவே வருகின்றன. பாலைத் தீர்மானிக்கும் ஜோடியில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மகனுடைய ஒரே எக்ஸ், தாய் கொடுத்தது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத நிறக்குருடு ஆண்களிடம் அதிகம் இருப்பது இதனால்தான்; அதற்கான மரபணுக்கள் எக்ஸில் இருக்கின்றன, அதில் குறை இருந்தால் ஈடுகட்ட ஆணிடம் இன்னொரு எக்ஸ் இல்லை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தை ஆணா பெண்ணா என்பது விந்தணு கொண்டுவருவது எக்ஸா ஒய்யா என்பதைப் பொறுத்தது. பெண் குழந்தையாகப் பெற்றாள் என்று தாயைக் குறைசொல்ல அறிவியலில் இம்மியும் இடமில்லை.

வழுக்கை அம்மாவின் அப்பாவிடமிருந்து வரும் என்பார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது; முக்கியமான ஒரு மரபணு எக்ஸில்தான் இருக்கிறது. ஆனால் மற்ற குரோமோசோம்களிலும் ஏராளமானவை சேர்ந்து வேலை செய்கின்றன. தந்தையின் தலையையும் பார்க்கத்தான் வேண்டும்.

அப்புறம், என்னை மிகவும் வியக்கவைத்த விஷயம். ஒரு மரபணு தாயிடமிருந்து வந்ததா, தந்தையிடமிருந்து வந்ததா என்பதைச் சில இடங்களில் செல் மறப்பதே இல்லை. 1984இல் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியும் அமெரிக்காவில் டேவர் சோல்டரும் தத்தம் குழுவினருடன் எலிக் கருக்களில் இதைக் காட்டினார்கள். மரபணுக்கள் எழுதப்பட்டிருக்கும் வேதிப்பொருளான டிஎன்ஏவின் இரண்டு தொகுதிகளும் தாய்வழியாகவே இருந்த கரு பிழைக்கவில்லை. இரண்டும் தந்தைவழியாக இருந்ததும் பிழைக்கவில்லை. முதல் வகையில் நஞ்சுக்கொடி சரியாக வளரவில்லை. இரண்டாவதில் கருவே தேறவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தும் போதவில்லை. ஏனென்றால் கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போதே சில மரபணுக்களில் வேதி அடையாளம் பதிந்துவிடுகிறது. சிலவற்றில் தாயின் பிரதி மட்டும் வேலை செய்யும். சிலவற்றில் தந்தையின் பிரதி மட்டும்.

மனிதர்களில் 15ஆம் குரோமோசோமைப் பாருங்கள். தந்தையிடமிருந்து வந்த அந்தக் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் போனால் பிராடர்-வில்லி நோய்க்குறி. பிறந்தபோது தசைகள் தளர்ந்து, பாலைக்கூட உறிஞ்சச் சிரமப்படும் குழந்தைக்குச் சில ஆண்டுகளில் அடங்காத பசி வந்துவிடும். உயரம் குறையும், கோபம் வெடிக்கும். அதே துண்டு தாயின் பிரதியில் இல்லாமல் போனால் ஏஞ்செல்மன் நோய்க்குறி. பேச்சு ஏறக்குறைய வராது, வலிப்பு வரும், நடை தள்ளாடும், குழந்தை அடிக்கடி சிரித்துக்கொண்டே இருக்கும். இழந்தது ஒரே பகுதி. தோற்றமும் நடத்தையும் எங்கேயோ போய் நிற்கின்றன. இந்த இழப்பு பெரும்பாலும் அந்தக் கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக நேர்ந்தது. பெற்றவர் உடலில் அந்தக் குறை இருப்பதில்லை. அவர் செய்த தவறு என்று எதுவும் இல்லை. இதை அந்தப் பெற்றோருக்கு யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சாதாரணக் குணங்கள் இப்படி ஒற்றைப் புள்ளியில் நிற்பவை அல்ல. உயரத்துக்கே, 54 லட்சம் பேரின் டிஎன்ஏவை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வு 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாறுபாடுகளைச் சுட்டியது. கூச்சமோ துணிச்சலோ அதைவிட எளிமையாக இருக்கப்போவதில்லை. இரட்டையர் ஆய்வுகளை ஐம்பதாண்டு அளவுக்குத் தொகுத்து 2015இல் வந்த கணக்கு, ஆளுக்கு ஆள் பண்புகளில் தெரியும் வேறுபாட்டில் சராசரியாகப் பாதியளவை மரபோடு சேர்த்தது. உங்கள் கோபத்தில் பாதி மரபணு, பாதி வளர்ப்பு என்று இதற்கு அர்த்தம் எடுக்கக் கூடாது. அது மக்கள்தொகையைப் பற்றிய எண். தனி மனிதரைப் பிரித்துக் காட்டாது.

மரபணுவைக் கொடுத்தவர்களே பெரும்பாலும் பிள்ளையை வளர்க்கவும் செய்கிறார்கள் என்பது இன்னொரு முடிச்சு. 2018இல் ஐஸ்லாந்தில் ஓர் ஆய்வு, பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வந்து சேராத டிஎன்ஏ பாதியைத் தனியே எடுத்துப் பார்த்தது. அந்தப் பாதிக்கும் பிள்ளை எவ்வளவு படித்தது என்பதற்கும் தொடர்பு இருந்தது. பிள்ளையின் உடலிலேயே இல்லாத மரபணுக்கள், பெற்றவர்களின் இயல்பு வழியாக, அவர்கள் அமைத்த வீட்டுச் சூழல் வழியாகப் பிள்ளையை வந்தடைந்திருக்கின்றன.