செம்பனைத் தோட்டத்துக்குள் கெராங் வாழுமா?

சிலாங்கூர் புக்கிட் ரோத்தான் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், நிற்கிறேன். ஜெனரேட்டர் சத்தம் கொஞ்சம் இரைச்சலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது கெராங், கடலோரச் சேற்றில் வாழும் சிப்பி. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், ஓட்டைப் பாருங்கள். தடித்த வரிகள், வரிக்கு வரி மணி மணியாகப் புடைப்பு. பிளந்தால் சிவப்பாக வடியும். நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் இதற்கும் உண்டு.

லின்னேயஸ் 1758இல் இதற்கு வைத்த பெயர் ஆர்கா கிரானோசா. அப்புறம் அனடாரா கிரானோசா ஆனது. இப்போது டெஜில்லார்கா கிரானோசா. நம் நாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் இன்னமும் அனடாரா தென்படும். சும்மா விட்டால் கம்ப்யூட்டர் இதை மூன்று பிராணி என்று எண்ணிவிடும்.

கடல் உயிரினத் தரவுத்தளம் கட்டுகிறவர்களுக்குப் பாதி வேலை இந்தப் பஞ்சாயத்துதான். பெல்ஜியத்தின் ஓஸ்டெண்டிலிருந்து நடக்கும் வோர்ம்ஸ் (WoRMS) என்ற உலகக் கடல் உயிரினப் பெயர்ப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் உண்டு, ஆஃபியா ஐடி என்பார்கள். பழைய பெயரை அழிப்பதில்லை. அதைத் தேடினாலும் இன்றைய பெயருக்குக் கொண்டுபோய் விடும். பல நாட்டு நிபுணர்கள், பெரும்பாலும் சம்பளமில்லாமல், உட்கார்ந்து சரிபார்க்கிறார்கள். 2015 வாக்கில் சுமார் 4,19,000 பெயர்களை அலசியதில் 1,90,000 பெயர்கள் ஏற்கெனவே பெயருள்ள உயிரினத்துக்கே மறுபடி வைத்தவை! லிட்டோரினா சாக்ஸாடிலிஸ் என்ற ஒரே கடல் நத்தைக்கு 113 பெயர். பட்டப்பெயர் வைப்பதில் நம் எஸ்டேட்டை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன்.

பெயர் சரியானாலும் இடம் வேண்டும். எது எங்கே, எப்போது கிடைத்தது என்று சேர்ப்பது ஓபிஸ் (OBIS) என்ற இன்னொரு தரவுத்தளம். அங்கே வரும் பெயர்களை வோர்ம்ஸோடு ஒப்பிடுவார்கள், இடம் கடலில் இல்லாமல் தரையில் விழுந்தால் சந்தேகம் என்று கொடி குத்துவார்கள். இந்த கெராங் எந்தச் சேற்றில் எடுத்தது என்று கடைக்கார அண்ணனைக் கேட்டேன். "லோரியில வந்துச்சு தம்பி" என்கிறார்! இதை இங்கேயே படம் பிடித்து ஏற்றினால் வரைபடத்தில் செம்பனை மரத்தடியில் கெராங் முளைத்திருக்கும்.

அதனால் சந்தைப் படம் வேண்டாம். ஜெராம் கடற்கரைப் பக்கம் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். ஓட்டின் வெளிப்புறம், உட்புறம், பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்துப் படம் எடுங்கள். போனில் ஜிபிஎஸ் திறந்திருக்கட்டும். பெயர் தெரியாவிட்டால் எழுத வேண்டாம், தெரிந்தவர் பார்த்துச் சொல்வார். தேதியும் இடமும் இல்லாத படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், தரவுத்தளம் கட்டுகிறவர்களுக்கு உதவாது.