மில்லுக்குள் ஒரு திருகைக்கல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோயமுத்தூரில் வளர்ந்தவர்களுக்கு மில் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தூக்குப்போசியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போன இடம் மில். சங்கு ஊதியதும் அம்மிச்சி உலையில் அரிசி போடுவார், கடிகாரத்தைப் பார்க்கமாட்டார். "மில்லுல என்ன பண்ணுவீங்க அப்புச்சி?" என்று கேட்டால், "நூலு ஓட்டறங் கண்ணு" என்பார். ரைஸ் மில், ஆயில் மில், மர மில் எல்லாம் ஊரில் உண்டுதான். ஆனால் முன்னால் எதுவும் சேர்க்காமல் வெறுமனே மில் என்றால், இங்கே அது பஞ்சு மில் மட்டும்தான்.

அந்தச் சொல்லுக்குள் ஒரு திருகைக்கல் இருக்கிறது என்பதே இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

லத்தீனில் மோலா என்றால் மாவு திரிக்கிற கல். அதிலிருந்து அரவைச்சாலைக்கு மொலீனா என்று பெயர் வந்தது. கடைவாய்ப் பல்லை ஆங்கிலத்தில் மோலார் என்பதும் அரைக்கிற பல் என்பதால்தான். மொலீனா பிரெஞ்சில் மூலான் ஆயிற்று, ஸ்பானிய மொழியில் மொலீனோ, ஜெர்மனில் மியூலெ, ஆங்கிலத்தில் மில். ஆங்கிலம் தவிர்த்த மற்ற மூன்றும் பெரும்பாலும் அரவையை விட்டு விலகவில்லை. ஸ்பெயினில் ஒருவர் நான் அரைபட்டுவிட்டேன் என்றால் உடம்பு அசந்துபோயிருக்கிறது என்று பொருள். பிரெஞ்சில் ஓயாமல் பேசுகிறவரைச் 'சொல் அரவை' என்பார்கள். வானொலியில் பேச வந்தவன் இதை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது!

திருப்பூரில் நண்பர் ஒருவர் தம் நூற்பாலைக்கு பிரெஞ்சில் ஒரு கையேடு அச்சடித்தார். மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்து, மில் வந்த இடத்தில் எல்லாம் மூலான் என்று போட்டுவிட்டார். அட்டையில் நூல்கண்டுகளின் படம். உள்ளே படித்தால் பஞ்சைத் திருகையில் போட்டு அரைக்கிற தொழில்! நூற்பாலைக்கு பிரெஞ்சில் ஃபிலத்யூர் என்று வேறு சொல் இருக்கிறது. அதுவும் லத்தீன் வழிதான், ஃபீலும் என்றால் நூல். நம் அலுவலகத்து ஃபைலும் இதே நூலில் பிறந்தது. அந்தக் காலத்தில் காகிதங்களை நூலில் கோத்து வைத்தார்கள். கோத்து வைத்ததால் நாமும் கோப்பு என்கிறோம். நூல்தான் இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்திருக்கிறது.

சரி, ஆங்கிலத்தில் மட்டும் மாவு அரைக்கிற இடம் எப்படி நூல் நூற்கிற இடமாயிற்று? காரணம் தண்ணீர். ஆற்றோரம் சக்கரம் வைத்துக் கல்லைச் சுற்றினார்கள். அதே சக்கரத்தால் மரம் அறுக்கலாம், துணி துவைத்து இறுக்கலாம் என்று கண்டபோது அந்த இடங்களையும் மில் என்றே அழைத்தார்கள். 1771இல் ரிச்சர்டு ஆர்க்ரைட் இங்கிலாந்தின் கிராம்ஃபர்டில் தண்ணீரால் ஓடும் நூற்பாலையைத் தொடங்கினார். சக்கரம் இருந்தது, கல் இல்லை, பெயர் மில். அப்புறம் நீராவி வந்தது, சக்கரமும் போயிற்று. பெயர் மட்டும் நின்றது.

அப்படிக் கல்லும் சக்கரமும் இழந்த சொல்தான் கப்பலேறி வந்து, 1888இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய நூற்பாலையோடு கோவையில் இறங்கியது. ஆனால் 1932இல் நீலகிரியின் பைக்காரா தண்ணீர் மலையிலிருந்து விழுந்து மின்சாரமாகிக் கீழே வந்ததும், சுற்றுவட்டாரத்தில் மில்கள் வரிசையாக முளைத்தன. விட்டுப்போன தண்ணீர் கம்பி வழியாகத் திரும்பி வந்தது என்று எனக்குத் தோன்றும்.

இங்கிலீஷ்காரர்களைச் சொல்லிப் பயனில்லை, நாமும் இதையே செய்திருக்கிறோம். பஞ்சாலை, நூற்பாலை என்கிறோமே, ஆலை என்பது ஆதியில் கரும்பு ஆட்டுகிற இடம். பெரும்பாணாற்றுப்படையில் கருப்பஞ்சாறு காய்ச்சும் புகை சூழ்ந்த ஆலைகள் வருகின்றன. 'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்ற பழமொழியைப் பஞ்சாலையை நினைத்துக்கொண்டு கேட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது. கவுந்தப்பாடிப் பக்கத்துக்காரர்களுக்கு உடனே விளங்கும், அங்கே இன்றும் ஆலைக்கொட்டகையில் சர்க்கரை காய்ச்சுகிறார்கள். கல்லை உதறிய மில்லும் கரும்பை உதறிய ஆலையும் பஞ்சுப் பொதிக்கு முன்னால் வந்து சந்தித்துக்கொண்டன.

இன்னொன்று. சம்பளச் சீட்டில் ஊதியத்துக்கு எமாலுமென்ட்ஸ் என்று ஒரு வார்த்தை இருக்கும். அரைத்துக் கொடுத்தவருக்குத் தருகிற அரவைக் கூலியிலிருந்து அது வந்திருக்கலாம் என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். ஆக, நூல் ஓட்டிய எங்கள் அப்புச்சி வாங்கியதும் அரவைக் கூலிதான்.

மோலா என்ற அந்தப் பழைய கல்லைப் பார்க்க வேண்டுமானால் மில்லுக்குப் போகாதீர்கள், அடுக்களைக்குப் போங்கள். புவிசார் குறியீடு வாங்கிய கோயமுத்தூர் வெட் கிரைண்டர் அங்கே இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருக்கும். ரோமாபுரிக்காரன் ஒருவனை இங்கே கூட்டிவந்தால், பீளமேட்டுப் பஞ்சாலை வாசலில் பெயர்ப்பலகையைப் பார்த்து விழிப்பான். கிரைண்டர் மூடியைத் திறந்து காட்டினால் கையை நீட்டி, "மோலா" என்பான்.

வணக்கம்.