கம்பெனி போனது, பெயர் நின்றது

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டு அலமாரியின் அடித்தட்டில் பழைய பனியன் ஒன்று கிடக்கும். முன்புறம் ஏதோ ஒரு விளையாட்டுப் போட்டியின் பெயர், முதுகில் ஒரு கடையின் பெயர். யார் ஜெயித்தார்கள் என்பது மறந்திருக்கும். துவைத்துத் துவைத்துக் கடைப் பெயரிலும் இரண்டு எழுத்து உதிர்ந்திருக்கும். அந்தக் கடைக்காரர் அன்றைக்கு ஏன் பணம் கொடுத்தார்? கொடுத்ததால் அவருக்கு என்ன வந்தது? பல வருடங்களாக இந்த இரண்டு கேள்விகளோடுதான் நான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஊர் நிகழ்ச்சிகளுக்குச் சிறு கடைகளும் சிறு தொழில்களும் ஸ்பான்சர் செய்வது, பதிலுக்கு ஊர் அவர்களைத் தாங்கிப் பிடிப்பது, இதுதான் இன்றைய பேச்சு. 'உபயம்' என்று நம்மிடம் அழகான பழைய சொல் இருக்கிறது. ஆனால் உபயம் என்றதும், கொடுத்தவர் கொடுத்ததோடு காரியம் முடிந்தது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதனால் ஸ்பான்சர் என்றே சொல்கிறேன். அதில் கொடுக்கலும் உண்டு, வாங்கலும் உண்டு. அந்த வாங்கல்தான் பெரும்பாலும் நடப்பதில்லை. எனக்கு அதில்தான் கவலை.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்றைச் சொல்கிறேன். இதைக் கேட்காமல் என்னிடமிருந்து யாரும் தப்பியதில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஒரு ஊர். இன்றைக்கும் சுமார் ஒரு லட்சம் பேர்தான் அங்கே வசிக்கிறார்கள். 1919இல் கர்லி லாம்போ என்ற இளைஞரும் ஜார்ஜ் கால்ஹூன் என்ற பத்திரிகைக்காரரும் சேர்ந்து ஒரு அமெரிக்கக் கால்பந்து அணியைத் தொடங்கினார்கள். நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம். அணி என்றால் ஆட்கள் இருந்தார்கள், ஆசை இருந்தது, சட்டை இல்லை. லாம்போ அப்போது வேலை பார்த்தது இறைச்சியை டப்பாவில் அடைத்து விற்கும் ஒரு கம்பெனியில். அதன் பெயர் இந்தியன் பேக்கிங் கம்பெனி. பெயரில் இந்தியன் இருந்தாலும் இந்தியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் முதலாளியிடம் போய்க் கேட்டார். முதலாளி சட்டைக்கும் சாமான்களுக்கும் 500 டாலர் கொடுத்தார், பயிற்சி செய்யக் கம்பெனியின் மைதானத்தையும் விட்டுக்கொடுத்தார். அணிக்குப் பேக்கர்ஸ் என்று பெயர் வந்தது. பேக்கர்ஸ் என்றால் அடைப்பவர்கள், டப்பாவில் அடைக்கும் வேலை செய்கிறவர்கள். தொழிலின் பெயரே அணியின் பெயர்.

சரி, கம்பெனி என்ன ஆயிற்று? இரண்டு வருடத்திற்குள் வேறொரு கம்பெனி அதை வாங்கிவிட்டது. அடுத்து வந்த கம்பெனியும் கொஞ்ச காலத்தில் ஒதுங்கிக்கொண்டது. ஆனால் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அணி இன்றும் ஆடுகிறது. நூறு வருடம் தாண்டியும் அந்த 500 டாலரின் பெயர் நிற்கிறது.

இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பார்த்தீர்களா, விளம்பரத்தின் மகிமை என்பார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த பகுதியை.

1922இல் அந்த அணிக்குக் கஷ்டகாலம். மழை வந்து ஆட்டங்களைக் கெடுத்தது, கூட்டம் குறைந்தது, கடன் ஏறியது. இனி மூட வேண்டியதுதான் என்ற நிலையில், 1923இல் ஊரே கூடி அதை ஏற்றுக்கொண்டது. 1,000 பங்குகள், ஒரு பங்கு 5 டாலர். அந்தப் பங்குக்கு லாபத்தில் ஈவுத்தொகை கிடையாது. இன்றைக்கும் கிடையாது. இது ஒரு பக்கம். இன்னொரு நிபந்தனையும் வைத்தார்கள், அதைக் கவனியுங்கள். பங்கு வாங்குகிறவர் கூடவே குறைந்தது ஆறு பருவச்சீட்டும் வாங்க வேண்டும். பருவச்சீட்டு என்றால் அந்தப் பருவத்து ஆட்டங்களுக்கெல்லாம் சேர்த்து வாங்குகிற நுழைவுச்சீட்டு.

ஆறு பருவச்சீட்டு! ஒரே மனிதர் ஆறு இருக்கையில் உட்கார முடியாது. மனைவியை, மக்களை, பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடாதே, நீயும் வா, நாலு பேரையும் அழைத்து வா என்று அந்த நிபந்தனை சொல்கிறது. அந்த ஊர்க்காரர்களின் புத்திசாலித்தனம் எனக்கு அங்கேதான் தெரிகிறது. இன்றைக்கு அந்த அணிக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீகில் உள்ள 32 அணிகளில் ஊர் மக்களே உடைமையாக வைத்திருப்பது இது ஒன்றுதான்.

ஆக, இரண்டு கட்டம். முதலில் ஒரு தொழில் அணிக்குச் சட்டை கொடுத்தது. பிறகு ஊர் பணமும் கொடுத்தது, காலையும் கொடுத்தது. காலையும் என்றால் நடந்து வந்தது. ஸ்பான்சர் என்ற பேச்சு எங்கே வந்தாலும் நான் இதைத்தான் கேட்பேன்: பணம் போனது சரி, கால் வந்ததா?

இதே 1919இல் இன்னொரு சட்டையும் பிறந்தது. பிரான்ஸ் நாட்டில் டூர் டி பிரான்ஸ் என்ற சைக்கிள் பந்தயம் நடக்கிறது அல்லவா, அதில் முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை. அந்தப் பந்தயத்தை 1903இல் தொடங்கியது லோட்டோ என்ற விளையாட்டுப் பத்திரிகை. போட்டிப் பத்திரிகையைச் சமாளிக்க, விற்பனையைப் பெருக்க, தொடங்கினார்கள். விற்பனையும் ஏறியது. பத்திரிகை அச்சான தாள் மஞ்சள், சட்டையும் மஞ்சள். 1944இல் பத்திரிகை நின்றுபோனது. மஞ்சள் சட்டை நிற்கவில்லை.

சரி, நம் சிறு கடைக்கு வருவோம். பெயர் நிற்பது நல்லதுதான். ஆனால் சிறு கடைக்காரருக்கு நூறு வருடம் கழித்துப் பெயர் நின்று என்ன செய்ய? இந்த மாதக் கடைசியில் வாடகை கட்டவேண்டும், கூட வேலை செய்கிற இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். அவருக்கு வேண்டியது, நிகழ்ச்சி முடிந்த மறுநாள் கடை வாசலில் ஒரு புது முகம். மறுபடியும் அதே கேள்விதான். கால் வந்ததா?

நானும் பல வருடம் நிகழ்ச்சிகளுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவன். படிப்பகத்துக்குக் கேட்டிருக்கிறேன், பிள்ளைகளின் ஓட்டப்பந்தயத்துக்குக் கேட்டிருக்கிறேன். ஒரு முறை சிறிய அச்சகம் நடத்தும் ஒருவரிடம் இரண்டாம் வருடமாகப் போய் நின்றேன். அவர் மறுக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்துகொண்டே கேட்டார்: "தம்பி, போன வருஷமும் வந்தீங்க, கொடுத்தேன். அப்புறம் அது எப்படி நடந்துச்சு, எத்தனை பேர் வந்தாங்கன்னு யாருமே வந்து சொல்லலையே?"

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். நாங்கள் நிகழ்ச்சியை நன்றாகத்தான் நடத்தியிருந்தோம். நோட்டீஸில் அவர் பெயர் இருந்தது, மேடையில் நன்றி சொன்னோம். ஆனால் அன்று அவர் கடையை விட்டு வரமுடியவில்லை. ஒற்றை ஆள் கடை, எப்படி வருவார்? அவரைப் பொறுத்தவரை அந்தப் பணம் கதவைத் தாண்டிப் போனது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள், கொடுத்த ஒவ்வொருவரிடமும் கேட்கப் போன ஆளே திரும்பப் போகவேண்டும். கையில் ஒரு தாள். எத்தனை பேர் வந்தார்கள், உங்கள் பணம் எதற்குச் செலவானது, எவ்வளவு மிச்சம், உங்கள் பெயர் இருந்த இடத்தின் ஒரு புகைப்படம். அவ்வளவு போதும். பத்து நிமிட வேலை. சிறிய நிகழ்ச்சிதானே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சிறிய நிகழ்ச்சிக்குத்தான் இது கட்டாயம். பெரிய கம்பெனிக்கு விளம்பரத்தின் பலனை அளந்து பார்க்கத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். சிறு கடைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? கேட்டுப் போன நாம்தான் இருக்கிறோம். கேட்டவர் திரும்பி வரவேண்டும். இதை இன்னும் இரண்டு முறை சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இது அவ்வளவு முக்கியம்.

திரும்பிப் போகும்போது இன்னொன்றும் நடக்கிறது. பேச்சு வளர்கிறது. அவர் கடையில் என்ன விற்கிறது, என்ன தேங்கி நிற்கிறது என்று தெரிகிறது. அடுத்த முறை நம் நிகழ்ச்சிக்கு ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் அவர் முகம் நினைவுக்கு வரும். கொடுத்தவரிடமே வாங்குவது பல குழுக்களுக்குத் தோன்றுவதே இல்லை. ஒரு கடையில் நன்கொடை வாங்கி, அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு போய் வேறெங்கோ சாமான் வாங்கினால் அவருக்கு எப்படி இருக்கும்?

பேனர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இருபது கடைகளின் பெயரை ஒரே பேனரில் பொடி எழுத்தில் போடுகிறோம். சாலையில் போகிறவர் யாரும் நின்று படிப்பதில்லை. அதைவிட ஒருவருக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். ஒருவர் பெயரில் தண்ணீர்ப் பந்தல், ஒருவர் பெயரில் முதல் பரிசு, ஒருவர் பெயரில் சிறு பிள்ளைகளின் ஓட்டம். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தவர் அந்தப் பெயரை மறக்கமாட்டார். ஒரே தொழில் செய்கிற இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். பணமாகத்தான் வேண்டும் என்றும் இல்லை. அச்சகக்காரர் நோட்டீஸ் அடித்துத் தரலாம், ஒலிபெருக்கி வைத்திருப்பவர் அதைத் தரலாம். அவர் தொழில் எவ்வளவு நேர்த்தி என்று ஊரே நேரில் பார்க்கும். சொந்தக் கையிருப்பிலிருந்து கொடுப்பதால் செலவும் அவருக்குக் குறைவு.

கடைக்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. வருகிறவர்களுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அனுப்பாதீர்கள். வருடத் தொடக்கத்தில் ஒரு தொகையை ஒதுக்குங்கள். ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுத்து, மூன்று வருடமாவது அதையே விடாமல் செய்யுங்கள். முதல் வருடம் உங்கள் பெயரை யாரும் கவனிக்கமாட்டார்கள். மூன்றாம் வருடம் நீங்கள் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். புதிதாக வருகிற வாடிக்கையாளரிடம், எங்களைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேட்டு, கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கணக்குப் பார்க்கிறவரிடமும் கேளுங்கள், விளம்பரச் செலவாக எழுதுவதும் நன்கொடையாக எழுதுவதும் பல இடங்களில் வேறு வேறு.

பெயர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை இருக்கிறதே, பிரான்சிலிருந்து சிலை வந்தாலும் அதை நிறுத்தப் பீடம் கட்டப் பணம் இல்லை. 1885இல் ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகையில் மக்களிடம் கேட்டார். கொடுத்த ஒவ்வொருவர் பெயரையும், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அச்சிடுவேன் என்றார். சில மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களும் ஒரு லட்சத்துக்கு மேல். பெரும்பாலானவர்கள் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. அவர் பத்திரிகையின் விற்பனையும் ஏறியது. கொடுத்தவர் தன் பெயரைத் தேடிப் பத்திரிகையை எடுப்பார், பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்டுவார். வேலை ஊருக்கு நடந்தது, வியாபாரம் பத்திரிகைக்கு வளர்ந்தது. இதுவும் கால் வந்த கதைதான்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஊரே கடைக்கு ஸ்பான்சர் ஆவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 1970களில் தெய்கெய் என்று ஒரு முறை வளர்ந்தது. குடும்பங்கள் விவசாயியோடு நேரடியாக ஒப்பந்தம் பேசிக்கொண்டு விளைச்சலை வாங்கிக்கொள்ளும் முறை. அதைப்போலவே 1986இல் அமெரிக்காவில் இரண்டு பண்ணைகள் தொடங்கின. அங்கே பருவம் தொடங்கும் முன்பே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். விதைக்கும்போதே விவசாயி கையில் முதல் இருக்கும், வட்டிக்கு அலையவேண்டாம். விளைந்தால் எல்லோருக்கும் பங்கு, பொய்த்தால் நஷ்டத்திலும் பங்கு. இதே வழியைத் தையல் கடையிலும் செய்யலாம், சைக்கிள் பழுது பார்க்கும் கடையிலும் செய்யலாம். வருகிற ஆறு மாதத்துக்கு எப்படியும் கொடுக்கப்போகிற பணத்தைப் பத்துக் குடும்பம் இன்றே கொடுத்து, ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டால் அந்தக் கடைக்கு ஒரு புது இயந்திரம் வந்துவிடும். சீட்டில் தொகையும் தேதியும் இரண்டு பக்கத்துக் கையெழுத்தும் இருக்கட்டும். கடை நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே பேசி எழுதிவிடுங்கள்.

அச்சகக்காரரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அடுத்த வாரம் நடந்த போட்டியின் தாளை இன்று மாலை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது. இல்லை, மாற்றிச் சொல்லிவிட்டேன், போன வாரம் நடந்த போட்டி. 214 பிள்ளைகள் ஓடினார்கள். வணக்கம்.