டெம்பிளர்களின் சொத்தும் சாபமும்

அவையோருக்கு வணக்கம்.

சிலுவைப் போர்க் காலத்துத் துறவி வீரர்களான டெம்பிளர்கள் என்றாலே "அந்தப் புதையல் எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர்கள் சொத்தில் பெரும்பகுதி நிலம். நிலத்தை எந்தக் குகையில் ஒளிப்பது?

1099இல் சிலுவைப் போர்வீரர்கள் ஜெருசலேமைப் பிடித்தார்கள். நகரம் கைக்கு வந்தது, வழி வரவில்லை. யாத்திரிகர்களுக்கு வழிப்பறியும் கொலையும் வாடிக்கை. 1119 வாக்கில் ஹியூ த பாயன் என்ற பிரெஞ்சு வீரரும் சில தோழர்களும் அவர்களைக் காப்பதாகச் சபதம் எடுத்தார்கள். ஜெருசலேம் அரசர் இரண்டாம் பால்ட்வின் அல் அக்ஸா மசூதிக் கட்டிடத்தில் தங்க இடம் கொடுத்தார். சாலமோனின் கோவில் இருந்த இடம் அதுதான் என்பது அன்றைய நம்பிக்கை. "டெம்பிள்" என்றால் கோவில்; சபையின் பெயரும் அதனால் வந்தது.

இவர்கள் வாளேந்திய துறவிகள். இறைச்சி வாரத்துக்கு மூன்று நாள்தான். கூர்முனைக் காலணி ஆகாது. படுக்கும் இடத்தில் விடியும்வரை விளக்கு எரிய வேண்டும். பெற்ற தாயைக்கூட முத்தமிடக் கூடாது! ஆள் ஏழை, சபையோ பணக்காரச் சபை. பிரபுக்கள் நிலமாக எழுதி வைத்தார்கள். ஐரோப்பாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்கினால் கிழக்கே போய்ப் பெற்றுக்கொள்ளலாம். பிரெஞ்சு அரசின் கஜானாவே பாரிஸில் இவர்கள் கோட்டையில்தான் இருந்தது.

வினையும் அங்கேதான். 1291இல் சிலுவைப் போர்வீரர்களின் கடைசிப் பெரிய கோட்டையான, பாலஸ்தீனக் கரையிலிருந்த ஆக்கர் (Acre) விழுந்தது. பாதுகாக்க நாடில்லை, சொத்து மட்டும் இருந்தது. பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப்போ போர்ச் செலவில் மூழ்கியவர். 1306இல் யூதர்களை விரட்டி அவர்கள் உடைமையைப் பறித்தார். அடுத்த ஆண்டு இவர்கள் முறை.

1307 அக்டோபர் 12. அரச குடும்பத்துப் பெண் ஒருவரின் இறுதிச் சடங்கில், சபைத் தலைவர் ஜாக் த மோலே பெட்டியைத் தாங்கி நடக்கிறார். மறுநாள் வெள்ளிக்கிழமை விடியலில் அவரே கைது. கைது உத்தரவு ஒரு மாதம் முன்பே ரகசியமாகப் போய்விட்டது! சிலுவையில் துப்பினார்கள், ஒரு தலையை வணங்கினார்கள் என்று குற்றச்சாட்டு. சித்திரவதைக்குப் பின் பலரும் ஒப்புக்கொண்டார்கள். எலும்பை முறித்து வாங்கிய வாக்குமூலத்தை நான் ஒரு காசுக்கும் மதிக்க மாட்டேன். மறுத்துப் பேசியவர்களில் 54 பேரை 1310இல் பாரிஸ் அருகே எரித்தார்கள். 1312இல் போப் ஐந்தாம் கிளெமென்ட் சபையைக் கலைத்தார். சொத்து பெரும்பாலும் இதே போன்ற இன்னொரு துறவி வீரர் சபையான ஹாஸ்பிட்டலர் சபைக்குப் போனது.

1314 மார்ச்சில் மோலேயும் வாக்குமூலத்தை மறுத்தார். அன்றே செய்ன் நதித் தீவில் தீக்கிரை. நோத்ருதாம் ஆலயத்தைப் பார்க்கும்படி நிறுத்தச் சொல்லி, கும்பிடக் கைகளை அவிழ்க்கக் கேட்டாராம். போப்பும் அரசரும் அந்த ஆண்டே இறக்க, தீயில் நின்று மோலே இட்ட சாபம் பலித்தது என்றார்கள். போப் நெடுநாள் நோயாளி என்பதை அப்புறம் யார் நினைத்துப் பார்த்தார்கள்?

போர்ச்சுகலில் மட்டும் கதை வேறு. அங்கே அரசர் தினிஸ் சொத்தை வெளியே விடவில்லை. 1319இல் கிறிஸ்துவின் சபை என்ற புதுச் சபைக்கு அதைக் கொடுத்தார். நூறாண்டு கழித்து அதை நிர்வகித்த இளவரசர் ஹென்றி, அந்த வருமானத்தைக் கடற்பயணங்களில் போட்டார். 1498இல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் பாயில் தாங்கி வந்தது அந்தச் சபையின் சிலுவையைத்தான்.