வெளியே வைத்த கால்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்ணின் வாழ்க்கையை மாற்றியது வீட்டுக்குள் வந்த இயந்திரமா, வீட்டுக்கு வெளியே வைத்த காலா? இதுதான் தலைப்பு. 1851இல் சிங்கர் காப்புரிமை வாங்கிய தையல் இயந்திரத்தைப் பற்றி எதிரணிச் சகோதரி அழகாகப் பேசினார். அதோடு விட்டிருக்கலாம். மாசசூசெட்ஸில் லோவெல் நகரத்துப் பஞ்சாலைக்குப் போன பெண்கள் மணி அடித்தால் உள்ளே, மணி அடித்தால் வெளியே, வெறும் ஆட்டுமந்தை என்றாரே, நீங்களும் கை தட்டினீர்களே!

சரி, அந்த மந்தையில் ஒரு குட்டியைக் காட்டுகிறேன்.

ஹாரியட் ஹான்சன். அப்பா இல்லை. நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மா ஆலைப் பெண்கள் தங்கும் விடுதியைக் கவனித்துக்கொண்டார். பத்து வயதில் ஹாரியட்டும் ஆலைக்குப் போனாள். நூல் நிறைந்த பாபினைக் கழற்றிவிட்டு காலி பாபினை மாட்டுகிற வேலை. விடிகாலை 5 மணிக்கு உள்ளே போனால் இரவு 7 மணிக்குத்தான் வெளியே. வாரத்துக்கு 2 டாலர்.

1836இல் சம்பளத்தில் கை வைத்தார்கள். வேலைநிறுத்தம் என்று முடிவானது. மேல்மாடிப் பெண்கள் இறங்கிப் போய்விட்டார்கள். ஹாரியட் இருந்த கீழ்த்தளத்தில் மட்டும் எல்லோரும் தயங்கி நிற்கிறார்கள். நீ போவாயா, நாம் போகலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இவ்வளவு நாள் பேசியது எல்லாம் பேச்சோடு போய்விடுமோ என்று அந்தப் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் என்னவோ செய்யுங்கள், யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தாள். வயது என்ன தெரியுமா? 11! இன்னொரு தடவை சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள். பெரியவர்கள் தயங்கி நிற்கிறார்கள், 11 வயசுப் பிள்ளை முன்னால் நடக்கிறாள், அத்தனை பேரும் அவள் பின்னால் வருகிறார்கள். சகோதரி, மணிச் சத்தத்துக்கு நடந்த கால்களா அவை?

அப்புறம் நடந்தது கொடுமை. பெரிய பெண்களை உன்னால் தடுக்க முடியாது, சொந்த மகளையுமா அடக்க முடியவில்லை என்று கேட்டு, அந்த விதவைத் தாயை விடுதி வேலையிலிருந்து நீக்கினார்கள். மகள் எடுத்து வைத்த அடிக்கு அம்மா கொடுத்த விலை அது.

ஹாரியட் வளர்ந்து, பெண்களின் ஓட்டுரிமைக்காகப் பாடுபட்டார். அன்று திரும்பிப் பார்த்தபோது பின்னால் நீண்டு வந்த வரிசையைக் கண்டு பட்ட பெருமை, தன் மாநிலம் பெண்களுக்கு ஓட்டு கொடுக்கிற நாள்வரை இனி வராது என்று எழுதினார். 1911இல் கண்ணை மூடினார். ஓட்டு வந்தது 1920இல்.