கிரேடு 1 பந்தயம் என்றால் என்ன? குதிரையைவிடப் பந்தயத்துக்குத்தான் முதலில் மார்க்

வணக்கம் மக்களே. இப்போது நான் நிற்பது பழையகாயல். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழி, தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கம். எழுநூறு வருடத்துக்கு முன்னால் காயல் பெரிய துறைமுகம். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்தெல்லாம் குதிரை ஏற்றிய கப்பல்கள் இங்கே வந்ததை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். பாண்டிய மன்னர்கள் பொன்னைக் கொட்டி வாங்கினார்கள். வாங்கிய குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்துப் போட்டார்கள், லாடம் அடிக்க ஆள் இல்லை, அதனால் குதிரைகள் நிலைக்கவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். படிக்கும்போது மனது கஷ்டமாக இருக்கும்.

குதிரை வாங்குவது என்றால் பல்லைப் பார்த்து வயது, சுழி பார்த்து ராசி, அப்புறம் கால், நடை. இன்றைக்கும் பந்தயக் குதிரை ஏலத்தில் காலையும் நடையையும் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் காகிதத்தைப் பார்க்கிறார்கள். அந்தக் காகிதத்தில் விலையைத் தீர்மானிப்பது கிரேடு. அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். பணம் கட்டி ஆடுகிற கதைக்கு நான் வரவில்லை.

ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்கள் உடனே கேட்பீர்கள்: “பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிக்கிறோமே, அதுபோலத்தானே அண்ணாச்சி?” இல்லை. அது யார் ஓடலாம் என்பதற்கான பிரிவு. குதிரைப் பந்தயத்திலும் அது தனியாக உண்டு. மூன்று வயதுக்கு மட்டும், பெண் குதிரைக்கு மட்டும், இத்தனை மீட்டர் தூரம் என்று. கிரேடு என்பது அதற்கு மேலே. பூஞ்சிட்டுப் பந்தயம் பத்து ஊரில் நடக்கிறது என்றால், அதில் எந்த ஊர்ப் பந்தயத்தில் ஜெயித்தால் உண்மையிலேயே பெரிய விஷயம் என்று ஒரு கமிட்டி உட்கார்ந்து வரிசைப்படுத்தினால் எப்படி இருக்கும்? அதுதான் கிரேடு.

எப்படி வரிசைப்படுத்துகிறார்கள்? ஐரோப்பாவில் இருக்கிற முறையைச் சொல்கிறேன். அங்கே கிரேடு என்று சொல்லாமல் குரூப் என்பார்கள். குரூப் 1, 2, 3, அதற்குக் கீழே லிஸ்டட். ஒவ்வொரு குதிரைக்கும் அதன் ஓட்டத்தை வைத்து ஒரு ரேட்டிங் எண் உண்டு. ஒரு பந்தயத்தில் முதல் நான்கு இடம் பிடித்த குதிரைகளின் ரேட்டிங்கை எடுத்து, மூன்று வருடத்துக்குச் சராசரி போடுகிறார்கள். வளர்ந்த குதிரைகள் ஓடும் பந்தயம் என்றால் குரூப் 1-க்கு அந்தச் சராசரி 115 இருக்க வேண்டும். குரூப் 2-க்கு 110, குரூப் 3-க்கு 105, லிஸ்டட்டுக்கு 100. பெண் குதிரைப் பந்தயங்களுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஜெயித்த குதிரையை மட்டும் பார்க்காமல் நான்காவதாக வந்தது வரை பார்க்கிறார்கள் பாருங்கள், அதுதான். ஒரே ஒரு சூரப்புலி வந்து ஜெயித்துவிட்டுப் போனதால் பந்தயம் பெரிதாகிவிடாது. அதோடு ஓடித் தோற்றவர்களும் பெரிய ஆட்களாக இருக்க வேண்டும்.

பரிசுப்பணம் அதிகம் வைத்தால் கிரேடு கிடைத்துவிடுமா? கிடைக்காது. ஆஸ்திரேலியாவில் சிட்னி ராண்ட்விக் மைதானத்தில் ‘தி எவரெஸ்ட்’ என்று ஒரு பந்தயம். 1200 மீட்டர். 2017-இல் தொடங்கும்போதே பரிசு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர். நல்ல நல்ல குதிரைகள் ஓடின. ஆனாலும் அதற்கு குரூப் 1 கிடைத்தது 2024-இல்தான்.

கிடைத்த கிரேடு போகவும் போகும். அமெரிக்காவில் கீன்லேண்டில் நடக்கிற புளூ கிராஸ் ஸ்டேக்ஸ் பழைய, பேர் பெற்ற பந்தயம். அமெரிக்காவின் மிகப் பேர் பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பிக்கு முன்னோட்டம் மாதிரி. அதை 2017-இல் கிரேடு 2-க்கு இறக்கினார்கள். 2022-இல் திரும்ப கிரேடு 1 ஆனது. பேருக்காகவோ பழமைக்காகவோ யாரையும் விட்டுவைப்பதில்லை. கறாராக இருப்பதால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

இது எப்போது வந்தது? 1960-களில் பிரிட்டனில் எந்தப் பெரிய பந்தயத்தை எப்போது வைப்பது என்று ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர நார்ஃபோக் பிரபு தலைமையில் கமிட்டி போட்டார்கள். குட்டை தூரம், நெட்டை தூரம், இள வயது, முதிர்ந்த வயது என்று எல்லா வகைக்கும் சீசன் முழுக்கச் சரியான போட்டி இருக்க வேண்டும் என்பது நோக்கம். 1971-இல் பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து இந்தத் தரவரிசையை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இரண்டு வருடத்தில் அமெரிக்காவும் தனிக் கமிட்டி அமைத்தது.

சரி, இது ஏன் முக்கியம்? இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

ஏல கேட்டலாக்கில் ஒரு குட்டிக்கு ஒரு பக்கம். மேலே வம்ச மரம். கீழே முதல் தாய், இரண்டாம் தாய், மூன்றாம் தாய் என்று தாய்வழியாக இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு தாய்க்கும் பிறந்த பிள்ளைகள் என்ன ஜெயித்தன என்று பொடி எழுத்தில் இருக்கும். அதற்கு நடுவில் சில பெயர்கள் மட்டும் தடித்த கறுப்பில், முழுக்கப் பெரிய எழுத்தில் நிற்கும். அவை கிரேடு அல்லது லிஸ்டட் பந்தயத்தில் ஜெயித்தவை. இரண்டாவது, மூன்றாவதாக வந்தவை தடித்த எழுத்தில், முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கும். இதற்கு ‘பிளாக் டைப்’ என்று பெயர். வாங்க வருகிறவர் பக்கத்தைத் திருப்பியதும் அவர் கண் நேராக அந்தக் கறுப்பில்தான் போய் நிற்கும். சாதாரணப் பந்தயத்தில் பத்து முறை ஜெயித்திருந்தாலும் அந்தக் கறுப்பு விழாது.

தாய்க் குதிரைக்கு வருடத்துக்கு ஒரு குட்டிதான். ஆண் குதிரை ஒரே சீசனில் நூற்றுக்கும் மேல் குட்டிகளுக்குத் தகப்பனாகலாம். அதனால் ஒரு பெண் குதிரை குரூப் 3 பந்தயத்தில் மூன்றாவதாக வந்தால்கூட அந்தக் குடும்பத்துக்கே பெரிய செய்தி. அவள் பெயர் கறுப்பாகிவிட்டது. அவளுக்குப் பிறக்கப்போகிற குட்டி, அந்தக் குட்டிக்குப் பிறக்கிற குட்டி என்று எல்லாப் பக்கத்திலும் அந்தப் பெயர் ஏறும். ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று நம் பாட்டிகள் சொன்னதை இங்கே அச்சடித்தே விற்கிறார்கள். அதனால்தான் வெற்றிக்கு வாய்ப்பு குறைவு என்று தெரிந்தும் பெண் குதிரைகளைக் கிரேடு பந்தயத்தில் இறக்குகிறார்கள்.

ஆண் குதிரைக்கு ஒரே உதாரணம் போதும். ஃபிராங்கல் ஓடியது 14 பந்தயம், ஜெயித்தது 14. அதில் 10 குரூப் 1. 2013-இல் இனப்பெருக்கத்துக்கு விட்டபோது ஒரு முறைக்குக் கட்டணம் 1,25,000 பவுண்டு. 2024-இல் 3,50,000. பதினான்கும் சின்னப் பந்தயமாக இருந்திருந்தால் இந்தக் கட்டணத்தை யார் கொடுப்பார்?

எங்கே ஓட இடம் கிடைக்கும் என்பதையும் கிரேடு தீர்மானித்திருக்கிறது. கென்டக்கி டெர்பியில் 20 குதிரைக்குத்தான் இடம். 2012 வரை கிரேடு பந்தயங்களில் சம்பாதித்த பரிசுப்பணத்தை வைத்துத்தான் அந்த இடத்தைக் கொடுத்தார்கள். பிறகு பாயிண்ட் முறைக்கு மாறினார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கேயும் கிரேடு 1, 2, 3 உண்டு. மும்பை மகாலக்ஷ்மியில் பிப்ரவரி மாதம் நடக்கிற இந்தியன் டெர்பி, 2400 மீட்டர், கிரேடு 1. 1943-இல் நடந்த முதல் டெர்பியில் ஜெயித்தது பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்கிற பெண் குதிரை. நம் கிண்டி மைதானம் இந்தியாவிலேயே மிகப் பழையது, 1777-ஐச் சொல்வார்கள். பெரிய கிளப்புகள் முறை வைத்து நடத்துகிற இன்விடேஷன் கப் கிண்டிக்கும் வந்திருக்கிறது. அதுவும் கிரேடு 1.

ஆனால் ஒரு நாடு தானே கொடுத்துக்கொள்கிற கிரேடை உலகம் அப்படியே ஏற்றுக்கொள்ளாது. சர்வதேச கேட்டலாக் தரப் புத்தகம் பந்தயத் தரத்தைப் பார்த்து நாடுகளைப் பகுதி பகுதியாகப் பிரிக்கிறது, முதல் பகுதிதான் உச்சம். ஜப்பான் 1984-இலேயே தன் பந்தயங்களுக்குக் கிரேடு போட்டது, முதல் பகுதிக்குள் போனது 2007-இல். இந்தியா இன்னும் முதல் பகுதியில் இல்லை. வெளிநாட்டுக் குதிரைகள் இங்கே வந்து நம் குதிரைகளோடு ஓட வேண்டும், நம் குதிரைகள் வெளியே போய் ஓட வேண்டும். அப்படி ஓடினால்தான் நம் ரேட்டிங்கை மற்றவர்கள் நம்புவார்கள். நம் குதிரைகளுக்கு அந்த வாய்ப்பு வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

நல்ல குதிரைக்கு முதுகில் கூடுதல் எடை ஏற்றி ஓடவிடுகிற ஹேண்டிகேப் பந்தயத்தை இன்றைக்குத் தொடவே இல்லை. மெல்போர்ன் கப் ஹேண்டிகேப் பந்தயம், ஆனாலும் குரூப் 1. அது எப்படி என்று அடுத்த வீடியோவில் பார்ப்போம். வரட்டுமா மக்களே.