பூட்டுப் போட்ட பிறகு
(யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கையரே, வணக்கம்.

சிறை என்றதும் எங்களுடைய ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1983 ஜூலை. வெலிக்கடையில் 25ஆம் திகதியும் 27ஆம் திகதியுமாக 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். அதை மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. இன்றைக்கு நான் பேச வந்தது ஒரு கலவரமும் நடக்காத நாளைப் பற்றி. பேப்பரில் ஒரு வரியும் வராத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை உள்ளே இருக்கிறவருக்கு எப்படிப் போகிறது? சட்டத்தரணி என்ற முறையில் மறியலில் இருப்பவர்களோடும் இருந்து வந்தவர்களோடும் நிறையப் பேசியிருக்கிறேன். அதிகம் வாட்டுவது எது என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் இரவு என்றுதான் சொல்கிறார்கள்.

காலை ஆறு மணிபோலக் கதவு திறந்து ஆட்களை எண்ணுவார்கள். அப்புறம் எல்லாம் வரிசைதான்: மலசலகூடத்துக்கு, குளிக்க, சாப்பாட்டுக்கு. மத்தியானச் சோறு பதினொரு மணிக்கே வந்துவிடும். இரவுச் சாப்பாட்டைப் பின்னேரம் நாலு மணியளவில் கொடுத்துவிட்டு, திரும்ப எண்ணி, ஐந்து ஐந்தரைக்குள் பூட்டிவிடுவார்கள். நீங்கள் தோட்டத்தில் தண்ணி மாறிக்கொண்டு நிற்கிற நேரம் அது. வெயில்கூட இறங்கியிராது. அந்தக் கதவு இனி விடியத்தான் திறக்கும்.

அந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று மணித்தியாலம் எப்படிப் போகும்? ஒருக்களித்துத்தான் படுக்கலாம். ஒருவர் புரண்டால் பக்கத்தில் இருப்பவரும் புரள வேண்டும். சலத்துக்கும் மலத்துக்கும் மூலையில் ஒரு வாளி. புதிதாக வருகிறவருக்கு அந்த வாளிக்குப் பக்கத்து இடம். பழைய ஆள் ஒருவர் விடுதலையாகிப் போனால்தான் அவர் ஒரு முழம் தள்ளிப் படுக்கலாம். காசு உள்ளவருக்கு முதல் நாளே சுவரோரம் கிடைத்துவிடும். மூட்டைப்பூச்சி, நுளம்பு, விடிய விடிய எரிகிற லைட். பிணையில் வந்த ஒரு பெடியன் வீட்டில் மாதக்கணக்காக லைட்டைப் போட்டுக்கொண்டு, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் படுத்தான் என்று அவனுடைய தாய் சொன்னார்.

இதெல்லாம் என் வாய்ப்பேச்சு மட்டும் இல்லை. மனித உரிமைகள் ஆணைக்குழு 2018இல் நாட்டின் 20 சிறைகளுக்குள் போய்ப் பார்த்து, 2020இல் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் எங்களுடைய அம்பிகா சற்குணநாதன். இடமில்லாமல் முறை வைத்துப் படுப்பதும், மலசலகூடத்துக்குள்ளேயே படுப்பதும் அதில் பதிவாகியிருக்கின்றன. இலங்கைச் சிறைகளில் இருக்கிற இடம் ஏறத்தாழ 11,000 பேருக்குத்தான். இருப்பவர்களோ அதைப்போல் இருமடங்குக்கும் மேல். 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் போதைப்பொருள் வேட்டை தொடங்கியதும் கூட்டம் இன்னும் கூடிப்போனது. சிறைகளை இன்றைக்கும் நடத்துகிற கட்டளைச் சட்டம் 1877ஆம் ஆண்டினது.

உள்ளே இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் விளக்கமறியல்காரர். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. பதினான்கு நாளைக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் அடுத்த தவணை வாங்கிவருவார்கள். தண்டனைக் கைதிக்காவது சில்லறைக் காசுக்கு ஒரு வேலை இருக்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை, பகல் முழுக்கச் சும்மா இருக்க வேண்டும். போதைக்கு அடிமையான பிள்ளைகளின் நிலை அதைவிட மோசம். மருந்து இல்லாத முதல் நாலைந்து நாள் உடம்பு முறிந்து, வியர்த்து, வாந்தி எடுத்து, அந்த நெரிசலுக்குள்ளேயே கிடப்பார்கள். அது வைத்தியம் செய்ய வேண்டிய வருத்தம். 'ஐஸ்' என்ற போதைப்பொருள் குடிக்கிற பிள்ளையை உள்ளே போட்டால் திருந்திவிடுவான் என்று நம்புகிற பெற்றோர் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். தயவுசெய்து அப்படி நம்ப வேண்டாம்.

விளக்கமறியலில் இருப்பவருக்கு வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம். வாசலில் பார்சலோடு நிற்கிற தாய்மாரைப் பாருங்கள். விடிய எழும்பிச் சமைத்து, பஸ் ஏறி வந்திருப்பார்கள். சோற்றையும் மீன்குழம்பையும் சிறைக் காவலர்கள் கரண்டியால் கிளறிப் பார்ப்பார்கள், சவர்க்காரத்தைக் கூட இரண்டாக வெட்டிப் பார்ப்பார்கள். சோதிக்கத்தான் வேண்டும், சரி. ஆனாலும் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடிவதில்லை. பிறகு கம்பிவலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிற சில நிமிடங்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும். பிள்ளையை அனுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ மாற்றிவிட்டால் அந்தச் சில நிமிடத்துக்கு ஒரு முழு நாளும் ஒரு கிழமைக் கூலியும் போய்விடும்.

பார்க்க ஒருவரும் வராதவர்களும் இருக்கிறார்கள். எல்லை தாண்டிப் பிடிபட்டு, ஊர்காவற்றுறையிலோ பருத்தித்துறையிலோ நீதவான் முன் நிறுத்தப்பட்டு வருகிற தமிழ்நாட்டு மீனவர்கள். இழுவைமடியால் எங்களுடைய மீனவர்களுக்கு நடக்கிற அழிவை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் உள்ளே கிடப்பவர்களில் பலர் அடுத்தவரின் படகில் கூலிக்கு வந்தவர்கள். மாற்றுச் சாரம் ஒன்று கொண்டுவந்து கொடுக்க அவர்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

சரி, எங்களால் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி பிணை கொடுப்பதுதான் பொது விதி, மறுப்பது விதிவிலக்கு. நடைமுறையில் நீதவான் பிணை கொடுத்த பிறகும் ஆட்கள் உள்ளேயே கிடக்கிறார்கள். பொறுப்பேற்றுச் சரீரப் பிணை நிற்க ஆள் இல்லை, அல்லது கிராம அலுவலரின் கடிதம் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தக் கடிதம் வந்து சேராவிட்டால் திங்கட்கிழமை வரை அதே வாளிக்குப் பக்கத்தில்தான். சிறிய தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்களும் உண்டு.

சரீரப் பிணை நிற்கிறவர் அந்த இடத்தில் காசு கட்டத் தேவையில்லை. எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், தவணைக்கு வராமல் விட்டால்தான் பொறுப்பு வரும். அது சின்னப் பொறுப்பு இல்லை, அதனால் ஆளைத் தெரிந்துகொண்டு நில்லுங்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிற சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். பிணை நிற்கத் தயாரான நாலைந்து பேரின் பெயரை இந்தச் சனசமூக நிலையமே எழுதி வைத்திருக்கலாம். விருப்பமானவர்கள் கூட்டம் முடிந்ததும் அடையாள அட்டையோடு என்னிடம் வாருங்கள். கிராம அலுவலரிடம் என்ன கடிதம் கேட்க வேண்டும், நீதிமன்றத்தில் எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று இருந்து சொல்லித்தருகிறேன்.